நண்டுபோல் நடந்த கார்

ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் ஒரு தம்பி இருக்கிறார். நாவலூரில் கணினி வேலை. சனி ஞாயிறில் நிம்மதியாகத் தூங்க வாய்ப்புள்ள ஒருவர் அதைக் கெடுத்துக்கொள்ளப் பல வழிகள் உண்டு. இவர் தேர்ந்தெடுத்தது பழைய கார் வாங்குவது. எனக்கு வண்டி வேலை தெரியும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு என் சனி ஞாயிறும் போனது.

சென்ற மாதம் அந்தக் காரைப் படூரில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனோம். நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு கருவியை மாட்டினார்கள். திரையில் காரின் படம் வந்தது. முன் சக்கரங்கள் பச்சை, பின் சக்கரங்கள் சிவப்பு. கடைக்காரர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது சார். முன்னாடி கொஞ்சம் இழுத்து வச்சி சரிகட்டிடலாம்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி ஏன் என்று கேட்டார். கடையில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலும் தூக்குக்குண்டும் வைத்து வேலை பார்த்த காலம் பொற்காலம் என்று அழ நான் உட்காரவில்லை. அது முழங்காலில் காய்ப்பு ஏறிய காலம். ஒரு காலை முழுக்கக் குனிந்து அளந்ததை இந்த இயந்திரம் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறது, அதுவும் சரியாகச் சொல்கிறது. சொன்னதைக் கேட்பதுதான் அன்றும் கஷ்டம், இன்றும் கஷ்டம்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன். படிப்பு முடிந்ததும் ஒரு பேருந்துப் பணிமனையில் பயிற்சிக்குப் போட்டார்கள். அங்கே நான் கற்ற பாடம், சுத்தியலால் சரியாகாதது எதுவும் மறுநாள் காலை வரை சரியாகாது என்பது. பிறகு எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்கு எதிரே இருந்த கரீம் பாயின் பட்டறையில் சேர்ந்தேன்.

கரீம் பாய்க்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். யுத்த காலத்தில் பட்டாள ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிரீஸ் நடுவில் நாள் முழுக்க நடமாடி, வெள்ளையாகவே வீட்டுக்குப் போவார். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “டிப்ளமோ, இங்க வா” என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம். வண்டி உள்ளே வந்ததும் யாரும் அதைத் தொடக் கூடாது. வண்டிக்காரருக்குப் பெஞ்சில் இடம், கையில் டீ. டீ தீரும்வரை பாய் கேள்வி கேட்பார். எந்தத் தெருவில் சத்தம் வருகிறது, யார் எங்கே உட்காருவார்கள், காலையிலா மாலையிலா, மழைக்கு முன்னா பின்னா. வக்கீல் குறுக்கு விசாரணை தோற்றது. கிளாஸ் காலியான பிறகுதான் பானெட்டைத் திறக்கச் சொல்வார். பாதி வண்டிகளுக்கு அதற்குள் வியாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு வண்டிக்காரரின் வியாதியாவது தெரிந்துவிடும்.

வக்கீல் என்றதும் நிஜ வக்கீல் ஒருவரின் கார் நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்தில் பழைய சீமைக் கார்களுக்கு அவற்றுக்குரிய அளவில் டயர் கிடைக்காது. அம்பாசடர் சக்கரத்தைத் தூக்கி மாட்டிவிடுவார்கள். போல்ட் துளை பொருந்தினால் சக்கரமும் பொருந்தியதாக அர்த்தம் என்பது அன்றைய நம்பிக்கை. வக்கீல் காரில் அப்படி மாட்டிய சக்கரம் உள்ளே அதிகம் போய்விட்டது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் அடியிலுள்ள இணைப்புக் கம்பியில் உரசும். முன்பு பார்த்த மெக்கானிக், ஸ்டியரிங் முழுக்கத் திரும்பாதபடி தடுப்பு போல்ட்டை நீட்டிவிட்டிருந்தார். உரசல் நின்றது. கூடவே கார் திரும்புவதும் நின்றது. வக்கீல் கோர்ட்டுக்குப் போக ஊரைச் சுற்றிப் பெரிய வளைவுகளாகத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். சக்கரத்தின் நடுத்தட்டை வெட்டியெடுத்து, சரியான ஆழத்தில் மறுபடி பற்றவைத்தோம். அன்று பாய் சொன்னது, “உரசுற எடத்த தட்டறவன் தட்டிகினே இருக்க வேண்டியதுதான். அத அங்க கொண்டாந்து வுட்டது எதுன்னு பாக்கணும்.”

இனி டாக்டரம்மாவின் கார்.

டாக்டரம்மா செங்கல்பட்டில் சொந்தமாக ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தார். வாரத்தில் சில நாள் திருக்கழுக்குன்றத்திலும் மாமல்லபுரத்திலும் போய் நோயாளிகளைப் பார்ப்பார். கணவர் காலமாகிவிட்டார். அவர் வாங்கிவைத்துப் போன சீமைக் கார், நாற்பதுகளில் செய்தது, கறுப்பு நிறம். பின் சக்கரங்களின் மேல்பாதியைத் தகடு மூடியிருக்கும். புடவைத் தலைப்பால் முக்காடு போட்ட மாதிரி. அதை ஓட்டியவர் பெருமாள். திருக்கழுக்குன்றத்துக்காரர், அந்த வீட்டில் பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை.

சித்திரை மாதத்தில் ஒருநாள் பெருமாள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். டீயைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

விஷயம் இதுதான். கார் நேராகப் போவதில்லை. வலது பக்கமாக, அதாவது எதிரே வண்டி வரும் பக்கமாக, இழுக்கிறது. பின்னால் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கிர்ரென்று உரசுகிறது. ஏற்கெனவே இரண்டு பட்டறைகள் பார்த்தாகிவிட்டது. ஒருவர் பின் தகட்டை வெளிப்பக்கமாகத் தட்டிவிட்டார். இன்னொருவர் முன் சக்கரங்களை ‘அலைன்மென்ட்’ செய்தார். இரண்டும் பயனில்லை. கடைத்தெருவில் கார் போகிற கோணலைப் பார்த்த யாரோ, டிரைவர் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான் என்று கிளப்பிவிட்டார்கள். அப்போது சாராயக் கடைகள் திறந்திருந்த சமயம். அந்தச் சந்தேகம் யார்மேலும் சுலபமாக ஒட்டும். மெட்ராஸில் இருந்த டாக்டரம்மாவின் மாப்பிள்ளை காதுக்கு அது போய், அவர் அடுத்த ஞாயிறு வேறு டிரைவரோடு வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். டாக்டரம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை சொன்னதை மறுத்துப் பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை.

“வேல பூட்சின்னா பரவால்ல பாய்,” என்றார் பெருமாள். “குடிகாரன்னு பேரோட போனா இந்த ஊர்ல மாட்டு வண்டி ஓட்டக்கூட எவனும் கூப்ட மாட்டான்.”

பாய் குடிப்பியா என்று கேட்கவில்லை. “எப்பலேர்ந்து இழுக்குது?” என்றார்.

“மாசி மகத்துக்கு மூணு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்து எடுத்தா இப்டி கீது.”

“லீவுல யாரு எடுத்தாங்க?”

பெருமாள் டீயைப் பார்த்தார். “தெரியாது பாய். வந்து பாத்தப்போ வண்டி கழுவி வச்சிருந்தது. பதினஞ்சு வருசத்துல நான் கழுவாம அந்த வண்டிய யாரும் கழுவுனதில்ல.”

பாய் அதற்குமேல் கேட்கவில்லை. “டிப்ளமோ, பாரு” என்று எழுந்துபோனார்.

நான் முறைப்படி தொடங்கினேன். நான்கு டயரிலும் காற்றைச் சமமாக்கினேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னில் ஆட்டமில்லை. டயர் நடுவில் சாக்பீஸ் தேய்த்து, சக்கரத்தைச் சுழற்றி, ஆணி முனையால் சுற்றிலும் ஒரு கோடு இழுத்தேன். பிறகு இறக்கி, காரை ஒரு சக்கரச் சுற்று முன்னே தள்ளினேன். இதைப் பலர் செய்ய மாட்டார்கள். ஜாக்கியிலிருந்து இறங்கிய சக்கரம் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் பொய்யளவு காட்டும். அதன்பின் அச்சு உயரத்தில், இரண்டு முன் டயர்களுக்கும் இடையே முன்பக்கம் கோட்டுக்குக் கோடு எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். முன்பக்கம் ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு குறைவாக இருக்க வேண்டும். இதில் கூடுதலாக இருந்தது. முன்னே பார்த்த மகானுபாவர் இழுப்பைச் சமாளிக்க முன் சக்கரங்களை விரித்துவைத்திருந்தார். ஸ்டியரிங் வட்டத்தையும் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தார். கோணலாகப் பிடித்தால்தான் கார் நேராகப் போகும் என்பதால், கோணலையே நேர் என்று பார்வைக்குக் காட்டும் ஏற்பாடு. திறமைசாலிதான், அரசியலுக்குப் போயிருக்கலாம்.

இரண்டையும் பழையபடி சரிசெய்துவிட்டு ஏரிக்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கார் முன்னைவிட மோசமாக வலப்பக்கம் போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முன்பக்கம் நிரபராதி என்று தெரிந்துவிட்டதே.

சக்கரம் கோணல் என்றால் எல்லோரும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். திரும்புவது முன் சக்கரம் என்பதால் தப்பும் அதனுடையதே என்று எண்ணம். நான் பின் தகடுகளைக் கழற்றினேன். ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் நான்கு புள்ளி வைத்தேன். காரைத் தள்ளி நகர்த்திவிட்டு அளந்தேன். வலது பக்கம் முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் இருந்த தூரத்தைவிட, இடது பக்கத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் அதிகம். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் அச்சை இடது பட்டைச் சுருளின், அதாவது லீஃப் ஸ்பிரிங்கின், நடுவில் ஆணியடித்த மாதிரி நிறுத்திவைக்கும் சென்டர் போல்ட் துண்டாகிக் கிடந்தது. அச்சின் இடது முனை பின்னால் நழுவியிருந்தது. அதனால்தான் டயர் உரசல், அதனால்தான் இழுப்பு. பின்னாலிருந்து காரை ஒருக்களித்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது அச்சு. பெருமாள் ஸ்டியரிங்கில் தொங்கிக்கொண்டு அதை நேராக்க முயன்றுகொண்டே இருந்திருக்கிறார். இதைக் குடித்துவிட்டுச் செய்ய முடியாது.

புது போல்ட் போட்டு, அச்சைத் தன் இடத்தில் உட்காரவைத்து இறுக்கினால் முடிந்தது. நான் ஸ்பேனரை எடுத்தேன்.

“வை அத,” என்றார் பாய்.

“சின்ன வேலை பாய். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்.”

“முடிச்சிட்டன்னு வை. நாளைக்கு வண்டி நேரா போவும். அவங்க இன்னா சொல்வாங்க? வண்டி சரியாச்சின்னா சொல்வாங்க? பெருமாள் குடிய வுட்டுட்டான்னு சொல்வாங்க.”

நான் டிப்ளமோவில் படிக்காத பாடம் அது. அளவுகளைக் காட்டிப் புரியவைக்கலாமே என்றேன். ஏற்கெனவே இரண்டு பட்டறைக்காரர்கள் அளவு சொல்லியாகிவிட்டது, மூன்றாவது அளவுக்கு என்ன மதிப்பு என்றார். அச்சு இதற்குமேல் நழுவாமல், இருக்கிற இடத்திலேயே, அச்சையும் பட்டைச் சுருளையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டை மட்டும் இறுக்கச் சொன்னார். பிறகு சட்டையை உதறிக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார். என்ன பேசினாரோ, ஞாயிறு காலை எல்லோரும் அந்தக் காரில் மாமல்லபுரம் போவது என்று முடிவானது.

மாப்பிள்ளை நல்ல உயரம், நல்ல நிறம், நல்ல உத்தியோகம். புது டிரைவர் ஒருவரையும் அழைத்துவந்திருந்தார். அவரை ஆஸ்பத்திரி வாசலில் உட்காரவைத்துவிட்டுப் புறப்பட்டோம். பெருமாள் ஓட்ட, முன்னால் நானும் பாயும். பின்னால் வழக்கம்போல் இடது பக்கம் டாக்டரம்மா, வலது பக்கம் மாப்பிள்ளை. திருக்கழுக்குன்றம் மலையைச் சுற்றி வரும் வளைவில் டயர் மட்கார்டின் விளிம்பில் உரசியது. “கேட்டீங்களா அத்தை?” என்றார் மாப்பிள்ளை, ஏதோ பெருமாளின் வயிற்றிலிருந்து வந்த சத்தம்போல. டாக்டரம்மா ஜன்னல் வழியாகக் கழுகுகள் இன்னும் வராத வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடற்கரையில், கோயிலுக்கு வடக்கே மீனவர் குப்பத்தைத் தாண்டி நிறுத்தச் சொன்னார் பாய். அலை உள்வாங்கியிருந்தது. தண்ணீர் இழைத்துவிட்டுப் போன மணல் சிமெண்டுத் தரைபோல் கிடந்தது. அதில் காரை நேராகக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

பெருமாள் தயங்கினார். “மணல்ல எறக்கினா மாட்டிக்கும் பாய்.”

“ஈர மணல்ல ஒண்ணும் ஆகாது,” என்றார் மாப்பிள்ளை. “மேல இருக்கிற உலர்ந்த மணல்லதான் புதையும்.”

பாய் அவரை மிகுந்த மரியாதையோடு பார்த்தார். “சாருக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப சாரே ஓட்டட்டும். பெருமாள் ஓட்டுனா அவன் கை கோணல்னு ஆயிடும்.”

மாப்பிள்ளைக்கும் அது நியாயமாகப் பட்டது. பெருமாள் இறங்கினார். மாப்பிள்ளை ஏறி, தண்ணீர் ஓரமாகவே காரை நேராக ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். நாங்கள் பின்னால் நடந்து தடத்தைப் பார்த்தோம்.

அந்தக் காருக்கு முன் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ளதும் ஒன்றுதான். நேராகப் போனால் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே ஏறி அதை அழித்துவிட வேண்டும். மணலில் இரண்டே கோடு விழ வேண்டும். இங்கே இடது பக்கம் பின் டயரின் தடம் வெளியே பிதுங்கியிருந்தது. வலது பக்கம் உள்ளே தள்ளியிருந்தது. தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம்வரை ஒரே சீராக, விளிம்பு விளிம்பாக நான்கு கோடுகள். பக்கத்தில் ஒரு நண்டு ஓடிய தடமும் இருந்தது. பாய் அதைக் காட்டினார்.

டாக்டரம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தடத்தின் ஓரமாகவே நடந்தார். கடைசிவரை போய்த் திரும்பி வந்தார்.

“இடுப்பு நழுவினவங்க இப்படித்தான் நடப்பாங்க,” என்றார். “நாம முன்காலுக்கே வைத்தியம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கோம்.”

நான் விளக்குவதற்குத் தயாராக வைத்திருந்த அத்தனையும் வீணாயிற்று. பெருமாள் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு தடங்களுக்கும் இடையில் விரல்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி வந்தார். தடத்தைப் பார்த்தார். பழைய வண்டி, தேய்மானம் இருக்கத்தானே செய்யும் என்றார். அது வேறு, டிரைவர் விஷயம் வேறு என்றும் சொன்னார். அந்த நேரம் பார்த்து, குப்பத்துப் பக்கம் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் எங்களை நோக்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் பெயர் தேசப்பன் என்று பிறகு தெரிந்தது. தோளில் ஒரு கயிற்றுச் சுருள்.

“இன்னா சார், மறுபடியும் மாட்டிக்கினியா?” என்றார் மாப்பிள்ளையிடம், பழகிய மனிதரைப் பார்த்த மகிழ்ச்சியோடு.

மாப்பிள்ளை சட்டென்று காரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எப்ப மாட்டிச்சி?” என்று கேட்டார் பாய், நேரம் என்ன என்று கேட்கிற குரலில்.

“மாசி மகத்தன்னைக்கு. சாமி தீர்த்தவாரிக்கு வந்துகினு இருக்கு, கூட்டமான கூட்டம். சார் புள்ளைங்கள வச்சிகினு நேரா மணல்ல வுட்டாரு. அச்சு முட்டும் பொதைஞ்சி பூட்சி. நாங்க பத்து பேரு இழுத்தோம்.”

“கயிறு எங்க கட்டுனீங்க?”

“பின்னால, எடது கை பக்கம், அச்சு முனையில. கையில ஆப்டது அதான்.” அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது, தொழில் தெரிந்தவனின் வருத்தம். “வலைன்னா ரெண்டு கவுறு போட்டு ரெண்டு பக்கமும் சமமா இழுப்போம். ஒரு பக்கம் இழுத்தா வலை கோணிக்கும். காருதானேன்னு ஒரே கவுறு போட்டுட்டோம்.”

பாய் தலையை மட்டும் ஆட்டினார். நான் அளந்து கண்டுபிடித்த ஒரு அங்குலச் சொச்சம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

டாக்டரம்மா பெருமாளைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா?”

“வண்டி கழுவி இருந்ததும்மா,” என்றார் பெருமாள். “எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.”

மாப்பிள்ளை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கார் மணலில் புதைந்ததை மாமியார் வீட்டில் சொல்லக் கூச்சம். கழுவி நிறுத்தினால் போயிற்று என்று நினைத்திருப்பார். ஒரு கயிறு அச்சை நகர்த்தும், அச்சு காரை நகர்த்தும், கார் ஒரு மனிதனின் பெயரை நகர்த்தும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? டிப்ளமோ படித்தவனுக்கே அச்சு வரைக்கும்தான் தெரிந்தது.

டாக்டரம்மா காரில் ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை மறுபக்கக் கதவில் கை வைத்தார்.

“மாப்பிள்ளை,” என்றார் டாக்டரம்மா. குரலில் மரியாதை துளியும் குறையவில்லை. “பின்னால பாரம் அதிகமானா டயர் உரசுதாம். நீங்க பஸ்ல வந்துடுறீங்களா? செங்கல்பட்டுக்கு அடிக்கடி இருக்கு.”

மாப்பிள்ளை கையை எடுத்துக்கொண்டார். “சரிங்க அத்தை,” என்றார்.

“பெருமாள், வண்டிய எடு.”

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் வளைவில் டயர் உரசவில்லை. ஓர் ஆள் எடை குறைந்தால் அந்த இடத்தில் கால் அங்குலமாவது மேலே எழும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பாய் என்னைத் திரும்பிப் பார்த்து, “சொல்லாத” என்பதுபோல் தலையசைத்தார்.

அன்று மாலையே வேலையை முடித்தேன். இடது பட்டைச் சுருளைக் கழற்றி, அச்சின் துளையில் சிக்கியிருந்த பழைய போல்ட்டின் தலையைத் தட்டி எடுத்து, புது போல்ட் போட்டு, யூ போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கழற்றியிருந்த தகடுகளில் ஒன்றை முந்தைய பட்டறை வெளியே தட்டியிருந்ததல்லவா, அதையும் தட்டி உள்ளே கொண்டுவந்து மாட்டினேன். தூக்குக்குண்டு இரு பக்கமும் ஒரே தூரம் காட்டியது. சில நாள் ஓடிய பிறகு யூ போல்ட்டை மறுபடி இறுக்க வரச் சொன்னேன். பெருமாள் சொன்ன நாளில் வந்தார். டீயை முழுக்கக் குடித்தார்.

அதன்பிறகு நான் பல வண்டிகள் பார்த்தேன், பெரிய பணிமனைகளில் இருந்தேன், ஓய்வும் பெற்றேன். படூர் கடையிலும் கடைசியில் தம்பியின் காருக்கு அடியில் எட்டிப் பார்க்க வைத்தேன். அதே போல்ட்தான். யார் கயிறு கட்டினார்கள் என்று கேட்டேன். போன மழையில் வெள்ளத்தில் நின்ற காரை ஒரு டிராக்டர் இழுத்ததாம்.

கரீம் பாயின் பட்டறையில் நான் இருந்தவரை ஒவ்வொரு வருடமும் மாசி மகத்துக்கு முதல்நாள் டாக்டரம்மாவின் கார் சர்வீசுக்கு வந்துவிடும். பெருமாள் நிறுத்திவிட்டு லீவில் போவார். சாவி பாயின் சட்டைப் பையில் இருக்கும். இன்ன வேலை என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மூன்றாம் நாள் பெருமாள் வந்து எடுக்கும்போது பாய் ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்.

“எல்லாம் பாத்தாச்சு. வண்டி வச்ச எடத்துலயே கீது.”